மனை விளம்பரங்களில் சர்வே எண்ணும் அச்சாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கத்தைக் காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரங்களில் பலர் முதல் பக்கத்துக்கு முன்பே புரட்டுகிறார்கள். "5 சென்ட் மனை, கிளியர் பட்டா, பஞ்சாயத்து அப்ரூவல், 100% வங்கிக்கடன், உடனடி கிரயம்" என்று ஒரு விளம்பரம் இருக்கும். அதற்குக் கீழே "செட்டிநாட்டு வீடு, மூன்றில் ஒரு பங்கு விற்பனைக்கு" என்று இன்னொன்று. இந்த இரண்டிலும் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டத்தில் திட்டமான பொருள் உண்டு. வாங்க வருகிறவர் மனத்தில் வைத்திருக்கும் பொருள் பெரும்பாலும் வேறாக இருக்கிறது. பத்திரம் எழுதுவது, நிலம் அளப்பது, வங்கிக்காக ஆவணம் பார்ப்பது ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து இந்த விளக்கத்தை எழுதுகிறோம். நீளமான கடிதம்தான். தாங்கள் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து வெளியிட்டாலும் எங்களுக்குச் சம்மதம்.

பட்டாவிலிருந்து தொடங்குகிறோம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. இந்த நிலத்துக்குத் தீர்வை கட்ட வேண்டியவர் இவர் என்று அது சொல்கிறது. நிலம் அவருக்கு எப்படி வந்தது, அதை விற்க அவருக்கு முழு உரிமை உண்டா என்பதற்கு அதில் பதில் இருக்காது. வருவாய்ப் பதிவேடு மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பல முறை தீர்ப்பளித்துள்ளன. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில் ஆகியவைதான் உரிமை வந்த வழியைக் காட்டும். அதற்காகப் பட்டா தேவையில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். பத்திரம் ஒருவர் பேரிலும் பட்டா இன்னொருவர் பேரிலும் இருந்தால், அந்த முரண்பாட்டுக்கு விடை கிடைக்கும் வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது.

இந்த முரண்பாடு பெரும்பாலும் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தின் காலத்தில் வந்தது. 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுவதும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். ஊரில் ஆள் இல்லாத குடும்பங்கள் இங்கே அதிகம். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், பிறகு சென்னை என்று போய்விட்டவர்களின் நிலம் அப்போது பயிர் செய்துகொண்டிருந்தவர் பேரிலோ, உள்ளூரில் இருந்த ஒரே பங்காளி பேரிலோ ஏறிவிட்டது. பக்கத்துச் சர்வே எண்ணோடு மாறிப் பதிவானதும் உண்டு. இதைச் சரிசெய்ய "யு.டி.ஆர். பிழைத் திருத்தம்" என்றே தலைப்பிட்டு வருவாய்த் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். சாதாரணப் பட்டா மாறுதல் மனுவாகக் கொடுத்தால் தள்ளுபடிதான். மனுவோடு யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டு நகலையும், சொத்து முன்பு கைமாறி வந்த வழியைக் காட்டும் பழைய பத்திரமான தாய்ப்பத்திரத்தையும் இணைக்க வேண்டும்.

பட்டாவில் பரப்பளவைப் படிப்பதில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பட்டாவில் "0.12.50" என்று இருக்கும். இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று படிப்பவர்கள் ஏராளம். அது 0 ஹெக்டேர், 12.50 ஏர்ஸ். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஆகவே இந்த நிலம் கிட்டத்தட்ட 30.9 சென்ட். விற்பவர் இதைத் தவறாகப் படித்தால் பதினெட்டு சென்ட்டைச் சும்மா கொடுப்பார். வாங்குபவர் மறுபக்கமாகத் தவறு செய்தால் சென்ட்டுக்குக் கொடுத்த விலை எல்லாம் கணக்குத் தப்பும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். மனைத் தரகர்கள் சொல்லும் கிரவுண்டு 2,400 சதுர அடி. அது சென்னைப் பக்கத்து அளவு, இங்கே தேவையே இல்லை. பழைய பத்திரங்களில் குழி, மா என்று இருந்தால் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஊருக்கு ஊர் அளவுகோல் மாறியிருக்கிறது. எனவே குழிக் கணக்கை நேராகச் சதுர அடியாக்கிப் புதுப் பத்திரத்தில் எழுதாமல், சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தைக் கையில் வைத்து அளந்து எழுதுவதே சரி.

கிராமத்தின் நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் "அ" பதிவேட்டையும் அவசியம் பார்க்க வேண்டும். "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையதளத்தில் அதன் நகல் கிடைக்கிறது. அந்தச் சர்வே எண் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), புறம்போக்கா, நஞ்சையா, புஞ்சையா என்பதெல்லாம் அதில் தெரியும். நம் பகுதியில் ஊரணி, கண்மாய், வரத்துக்கால், மேய்க்கால் புறம்போக்கு எல்லாம் மனைகளுக்கு இடையிலேயே கிடக்கின்றன. மழை பொய்த்த பத்து வருடத்தில் வரத்துக்கால் தூர்ந்து பொட்டலாகிவிடும். பக்கத்துப் பட்டா நிலத்தோடு சேர்த்து வேலி போட்டு மனையாக விற்பார்கள். நீர்நிலைப் புறம்போக்கை அரசே நினைத்தாலும் எளிதில் வகை மாற்ற முடியாத அளவுக்கு நீதிமன்ற உத்தரவுகள் உள்ளன. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமே தனியாக இருக்கிறது. அங்கே வீடு கட்டியவர் பல வருடம் வரி கட்டினாலும் அந்த ரசீது அவரைக் காக்காது.

புலப்படத்தை வாங்கி, அதில் மீட்டரில் எழுதியுள்ள நான்கு பக்க நீளத்தையும் டேப் போட்டு அளந்து பார்த்தால் இந்த மோசடி பெரும்பாலும் அரை மணி நேரத்தில் வெளிப்படும். செம்பாறைத் தரையில் நட்ட சர்வே கற்கள் பல இடங்களில் பெயர்ந்து கிடக்கின்றன. கல் இல்லையென்றால் வட்ட நில அளவையரிடம் கட்டணம் செலுத்தி அளவை மனுப் போடுங்கள். பக்கத்து நிலக்காரருக்கும் அறிவிப்புப் போகும். பின்னாளில் எல்லைத் தகராறு வராமல் இருக்க அது உதவும்.

பட்டாவிலேயே வகைகள் உண்டு. ஊருக்குள் குடியிருப்பு இடம் கிராம நத்தம். அதற்கு நத்தம் நிலவரித் திட்டப் பட்டா இருக்கும். தோராயப் பட்டா தற்காலிகமானது. தூய பட்டாதான் இறுதி. கூட்டுப்பட்டா என்றால் பலர் பேர் ஒரே பட்டாவில் இருக்கிறது, உட்பிரிவு நடக்கவில்லை என்று பொருள். கூட்டுப்பட்டாவில் ஒருவர் மட்டும் "என் பக்கம் இது" என்று கையைக் காட்டி விற்றால், அந்தப் பக்கம் அவருடையது என்பதற்கு வாய்வார்த்தை தவிர ஆதாரம் இல்லை. அரசு இலவசமாக ஒப்படைத்த நிலத்தின் நிபந்தனைப் பட்டாவில் குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்றும், பட்டியலினத்தவருக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கக் கூடாது என்றும் இருக்கும். அந்த நிபந்தனையை மீறிய கிரயத்தில் பணம் கொடுத்தவர் கடைசியில் நிலமும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்கிறார்.

அடுத்து தாய்ப்பத்திரம். செட்டிநாடு என்று நாம் சேர்த்துச் சொல்லும் ஊர்கள் பழைய ஆவணங்களில் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. ராயவரம், அரிமளம், விராச்சிலை பக்கம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட ஜமீன் பகுதி. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே ரயத்துவாரிப் பட்டா வந்தது. ஜமீன் காலப் பத்திரத்தில் இன்றைய சர்வே எண் இருக்காது. பைமாஷ் எண் என்ற பழைய அளவை எண்ணும் நான்கு எல்லையும்தான் இருக்கும். மாவட்டம் "இராமநாதபுரம்" என்றே இருக்கும், ஏனெனில் சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். இந்தப் பழைய அடையாளத்தையும் இன்றைய சர்வே எண்ணையும் இணைக்கும் ஆவணம் எங்காவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல், யாரோ ஒருவர் திடீரென ஒரு பத்திரத்தில் புதுச் சர்வே எண்ணை எழுதித் தொடங்கியிருந்தால் அந்தக் கண்ணியைத்தான் வழக்கறிஞர் முதலில் பிடிப்பார். வங்கியும் அங்கேதான் கடனை நிறுத்தும்.

வில்லங்கச் சான்றை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள், சிலரே படிக்கிறார்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதியாத உயில், வாய்மொழிப் பிரிவினை, கைமாற்றுக்காகக் கொடுத்த பத்திரம், வாரிசுகளுக்குள் இருக்கும் தகராறு எதுவும் வராது. பதிவுத்துறை இணையதளத்தில் பொதுவாக 1975 முதலான பதிவுகளைத் தேடலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனுப் போட வேண்டும். ஒரே சர்வே எண்ணுக்கு மட்டும் போட்டால் போதாது. பழைய எண், புதிய எண், நத்தமானால் கதவு எண் எல்லாவற்றுக்கும் போட வேண்டும்.

வில்லங்கத்தில் இரண்டு பதிவுகள் அடிக்கடி சிக்கல் தருகின்றன. ஒன்று, பழைய கிரய ஒப்பந்தம். 2012 டிசம்பர் முதல் தமிழகத்தில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஒப்பந்தம் போட்டுப் பின்வாங்கியவர்கள் ரத்து ஆவணம் பதிவதில்லை. அந்த ஒப்பந்தக்காரர் வந்து "கிரயம் செய்து கொடு" என்று வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு. இன்னொன்று, உரிமைப்பத்திர ஒப்படைப்பு, அதாவது கடனுக்காக மூலப்பத்திரத்தை வங்கியிடம் அடமானமாகக் கொடுத்த பதிவு. கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கி வந்துவிட்டோம் என்று வீட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார். வங்கியிடமிருந்து ரசீது ஆவணம் எழுதி வாங்கிப் பதிவு செய்யாத வரை வில்லங்கத்தில் கடன் நின்றுகொண்டேதான் இருக்கும். கடன் முடிந்த வாரத்திலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. மூலப்பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித்தர வேண்டும் என்றும், தாமதம் வங்கியின் தரப்பில் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. 2023 டிசம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இனி, நம் ஊருக்கே உரிய விஷயம், பங்கு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தெருவிலிருந்து பின் தெரு வரை நீளும் வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான மகனின் குடும்பத்துக்கும்) வளவு என்ற உள்முற்றப் பகுதியில் ஓர் அறை என்று முன்னோர் ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கீடு புழங்குவதற்கான ஏற்பாடு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிலம், தோட்டம், ரொக்கம் எல்லாவற்றையும் பிரித்தாலும் "பூர்வீக வீடு பொதுவில் இருக்கட்டும்" என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரியால்தான் பல வீடுகள் இன்றும் நிற்கின்றன. விற்க வருகிறபோது அதே வரிதான் பூட்டாகவும் ஆகிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 12,000 சதுர அடி மனையில் ஒரு வீடு. மூன்று சகோதரர்களுக்கு ஆளுக்கு மூன்றில் ஒன்று. மூத்தவர் உயில் எழுதாமல் இறந்தார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். அவருடைய பங்கு தனிச்சொத்து என்று கொண்டால் நால்வருக்கும் சமம், ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. மூத்தவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆக ஆளுக்குப் பதினைந்தில் ஒன்று. தாயாரை வாரிசுச் சான்றிதழில் விட்டுவிடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அந்தத் தாயார் பிறகு இறந்தால் அவருடைய பங்கு மற்ற இரண்டு மகன்களுக்கும், இருந்தால் மகள்களுக்கும், மூத்தவரின் பிள்ளைகளுக்குமாக மறுபடி பிரியும். இப்படியிருக்க, மூத்தவரின் மூத்த மகன் மட்டும் "மூன்றில் ஒரு பங்கு விற்பனைக்கு" என்று விளம்பரம் செய்தால், அவர் கொடுக்கக் கூடியது அதிகம் போனால் பன்னிரண்டில் ஒன்றுதான். மீதிக்குக் கொடுத்த பணத்தை அவரிடமிருந்துதான் மீட்க வேண்டும்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று 1,000 சதுர அடி என்று கணக்கில் வருகிறது. எந்த ஆயிரம்? கிழக்கு வரிசையில் மூன்றாவது அறையா, கிணற்றடியா? பதில் இல்லை. ஒவ்வொரு செங்கல்லிலும் பன்னிரண்டில் ஒன்று என்பதே பிரிபடாத பாகத்தின் பொருள். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கும் வெளியார் அந்த வீட்டுக்குள் மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு குறுக்கே வரும். நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்பைக் கொடுத்து அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். பங்கை விற்க நினைக்கும் வாரிசு முதலில் உடன்வாரிசுகளைக் கேட்க வேண்டும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் முன்னுரிமை தருகிறது. வீட்டைக் கட்டியவர்களின் வம்சத்திடமே வீடு நிற்க வேண்டும் என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இத்தனை இடம் இருக்கிறது. நம்மவர்களில் மிகச் சிலரே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது எங்கள் ஆதங்கம். பங்கு வெளியே போன பிறகு வருந்துவதைவிட, விற்பனைப் பேச்சு காதில் விழுந்ததும் எழுத்தில் "நான் வாங்கத் தயார்" என்று அறிவிப்பு அனுப்புவது நல்லது.

பெண்மக்கள் கையெழுத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். "கல்யாணத்தில் சீர் கொடுத்தாகிவிட்டது, பங்கு இல்லை" என்ற வாதம் சட்டத்தில் நிற்காது. தமிழ்நாடு 1989-லேயே அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்தது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது பாதிக்கப்படாது. ஆகவே பூர்வீக வீடு, நிலம் வாங்குகிறவர் மகள்கள் எத்தனை பேர், அவர்கள் கையெழுத்து எங்கே என்று கேட்காமல் வாங்கக் கூடாது. சுவீகாரம் போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டில் பங்கு கேட்பதும், பிள்ளை கூட்டிய, அதாவது சுவீகாரம் எடுத்த, வீட்டில் பங்கை மறுப்பதும் இங்கே அடிக்கடி வரும் வழக்குகள். சுவீகாரம் எந்தத் தேதியில் நடந்தது, பதிவான ஆவணம் உண்டா என்பதைக் குடும்ப மரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைனர் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயோ தந்தையோ விற்றிருந்தால், அந்தப் பிள்ளை பதினெட்டு வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

ஊரில் இருக்கும் பங்காளி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், வீட்டு வரி கட்டுகிறார், மின் இணைப்பு அவர் பேரில் இருக்கிறது. இருபது வருடம் ஆனாலும் அதனால் மட்டும் மற்றவர் பங்கு அவருக்கு வராது. ஒரு பங்காளி சொத்தை வைத்து அனுபவிப்பது எல்லோருக்காகவும் என்றுதான் சட்டம் கொள்கிறது. மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்குத் தெரிந்தே 12 வருடம் நடந்திருந்தால்தான் எதிரிடை அனுபவம் என்ற பேச்சே எழும். அதேபோல், பொதுவில் இருக்கும் வீட்டின் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் ஒருவர் மட்டும் கழற்றி விற்கவும் உரிமை இல்லை. தூண் போன பிறகு வழக்கில் ஜெயித்து என்ன கிடைக்கும்? சந்தேகம் வந்த உடனே தடையுத்தரவு கேட்க வேண்டும்.

பங்குகளை ஒருவர் கையில் சேர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும், விலையின்றி எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்டும்தான் சிக்கனமான வழி. தந்தை, தாய், கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற குடும்ப வரையறைக்குள் இருந்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் மாற்றியபடி அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய். சித்தப்பா மகன், பெரியப்பா மகன் நேரடியாக ஒருவருக்கொருவர் எழுதினால் அவர்கள் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். தீர்வை பல மடங்காகும். அதனால்தான் அப்பாக்கள் தலைமுறை உயிரோடு இருக்கும்போதே, சகோதரர்களுக்கிடையே எழுதி முடிக்கும்படி நாங்கள் எப்போதும் வலியுறுத்துகிறோம். ஒரு தலைமுறை தாண்டினால் கையெழுத்துகளும் கூடும், தீர்வையும் கூடும்.

வெளிநாட்டில் இருக்கும் பங்குதாரரின் அதிகாரப் பத்திரம் (பவர்) அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வர வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் பொது அதிகாரம் செத்துவிடும். அதனால்தான் அவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பதிவின்போது கேட்கிறார்கள். "பவர் வாங்கியாச்சு, அதுவே கிரயம் மாதிரிதான்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பவர் மூலம் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், வாங்குபவர் பிடித்தம் செய்து கட்ட வேண்டிய வருமான வரி உள்நாட்டு விற்பனைக்கு உள்ள 1 சதவீதத்தைவிட மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால் அந்த வரி வாங்கியவர் தலையில் விழும்.

இனி "பஞ்சாயத்து அப்ரூவல்". மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப அனுமதி வந்த பிறகே உள்ளாட்சி இறுதி அனுமதி தர முடியும். அந்த அனுமதி எண்ணும் வரைபடமும் இல்லாத மனை, தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தாலும், அனுமதியற்ற மனையே. விளைநிலத்தைத் துண்டு போட்டு அனுமதியில்லாமல் மனையாகப் பதிவு செய்வதைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை, அதாவது பின்னர் அனுமதி தந்து முறைப்படுத்துதல், உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு போட்டவற்றுக்கு அந்த வழி இல்லை. வரன்முறை ஆகாத மனையில் கட்டட அனுமதி கிடைக்காது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட 2024 முதல் சுயசான்று அனுமதி இருக்கிறதே என்பார்கள். அதற்கும் மனை முறையானதாக இருக்க வேண்டும்.

மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தைத் தேடிப் போய்ப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் வைத்திருந்து, பின்னர் அதையே மனையாக விற்பது பழைய தந்திரம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ எட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளோ என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அடுக்குமாடியில் பில்டர் சொல்லும் "சூப்பர் பில்டப்" பரப்பில் படிக்கட்டும் லிஃப்டும் சேர்ந்திருக்கும். சுவருக்குள் காலை வைத்து நடக்கும் கார்பெட் பரப்பைக் கேட்டு, அதற்குச் சதுர அடி விலை என்ன என்று கணக்குப் போடுங்கள்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் "மாநகராட்சி எல்லை" என்று சொல்லியே விலை ஏற்றுகிறார்கள். எல்லை மாறினால் வரியும் அனுமதி தரும் அலுவலகமும் மாறும். அனுமதியற்ற மனை அதனால் அனுமதி பெற்ற மனையாகிவிடாது. நஞ்சை நிலமும் தானாக மனையாகாது.

"100% வங்கிக்கடன்" என்பது நடக்காத காரியம். வீட்டுக்கடன் 30 லட்சம் வரை சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சம். வெறும் மனைக்கு வங்கிகள் இன்னும் குறைத்தே தருகின்றன. மதிப்பு என்பதிலும் குழப்பம். வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கான குறைந்தபட்ச அளவு. சந்தை விலை நீங்கள் பேசியது. வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதுவது மூன்றாவது. பேசியது 40 லட்சம், பத்திரத்தில் 22 லட்சம் என்றால் வங்கி 22-ஐ வைத்துத்தான் பார்க்கும். அதில் 90 சதவீதம் என்றாலும் 19.8 லட்சம். மீதி 20 லட்சத்துக்கு மேல் கையிலிருந்து, அதில் 18 லட்சம் கணக்கில் காட்ட முடியாத பணமாகப் போக வேண்டும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 22 லட்சம் என்றே கணக்காகும், மூலதன ஆதாய வரி அந்த அளவுக்குக் கூடும். உண்மை விலையைப் பத்திரத்தில் எழுதுவது வாங்குபவருக்கே லாபம்.

பதிவுச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். சதுர அடிக்கு 300 ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள 5 சென்ட் மனையை, அதாவது 2,178 சதுர அடியை எடுத்துக்கொண்டால் மதிப்பு 6,53,400 ரூபாய், செலவு 58,806 ரூபாய். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பேரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். இந்தக் கணக்கில் 6,534 ரூபாய் மிச்சம்.

தவணையைப் பற்றி ஒன்று. 20 லட்சம், 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 17,356 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்கே 14,167 போய்விடும், அசலில் கழிவது 3,190-தான். அதனால் முதல் ஐந்தாறு வருடத்தில் கையில் கிடைக்கும் தொகையை அசலில் கட்டுவதற்கே பலன் அதிகம். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. வட்டி ஏறும்போது வங்கி பல நேரம் தவணைத் தொகையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடும். வருடம் ஒருமுறை கணக்கு விவரம் வாங்கி, பாக்கித் தவணை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

பிரிபடாத பங்கை அடமானமாக வைத்துக்கொள்ள வங்கிகள் முன்வராது. கடன் நின்றால் எதைக் கைப்பற்றுவது என்று வங்கிக்கும் தெரியாதல்லவா? எல்லாப் பங்குதாரரும் சேர்ந்து கையெழுத்திட்டாலொழிய, பூர்வீக வீட்டுப் பங்கு விளம்பரத்தில் "வங்கிக்கடன் உண்டு" என்ற சொல் பொய்யாகவே இருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். மனை, வீட்டு விளம்பரம் ஏற்கும்போது கிராமப் பெயர், சர்வே எண், நகர் ஊரமைப்பு அனுமதி எண் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்குங்கள். ரெரா பதிவு தேவைப்படும் திட்டமானால் பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணையதள முகவரியையும் விளம்பரத்தில் போடுவது ஏற்கெனவே சட்டக் கடமை. பங்கு விற்பனையானால் "மொத்தம் இத்தனையில் இத்தனை பங்கு, பிரிபடாதது" என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு விளம்பரத்துக்கு இரண்டு வரி கூடும். அந்த இரண்டு வரியை வைத்து வாசகர் ஞாயிறு மாலையே இணையத்தில் "அ" பதிவேட்டைத் திறந்து பார்த்துவிடுவார்.

இப்படிக்கு,
ஆவண எழுத்து, நில அளவை, வங்கி ஆவணப் பரிசீலனைப் பணிகளில் உள்ள வாசகர்கள் சிலர்,
காரைக்குடி.